வத்தல் அறையின் விமர்சகி

எந்தக் கதையைக் கொடுத்தாலும் மதினி முதலில் அதில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் பார்ப்பாள். வேற்றுக் கிரகமாக இருக்கட்டும், ஆகாயத்தில் மிதக்கிற தீவாக இருக்கட்டும், நம் பேரன் பேத்திகள் காலத்துக்குப் பிறகு வரப்போகிற கண்ணாடி நகரமாக இருக்கட்டும். கதாநாயகன் வாளை உருவிக்கொண்டு நிற்பான், பின்னால் மலை வெடித்துக்கொண்டிருக்கும், நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இவள் பக்கத்தில் வந்து, "அத விடு பிள்ள. இத்தன சனம் இருக்காகளே, குடிதண்ணி எங்கன இருந்து வருது?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மதினி என்றால் என் சின்னண்ணன் பெண்டாட்டி. அண்ணன் அப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். கல்யாணத்துக்கு வந்த விடுப்பு முடிந்ததும் போனவன், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்ப்பதோடு சரி. எங்கள் வீடு கமுதிப் பக்கம். மிளகாயும் பருத்தியும் விளைகிற சொந்தக் காடு. வீட்டில் அம்மா, பெரியண்ணன், மதினி மூன்று பேர்தான். நான் ராமநாதபுரத்தில் விடுதியில் தங்கி, ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலையில் இருந்தேன். வாரம் முடிந்து பஸ் ஏறினால் ஞாயிறு முழுக்க மதினியின் முந்தானைதான். எங்கள் இருவருக்கும் ஒரே வயசு. நேரில் 'வாங்க, போங்க' என்று மரியாதையாகப் பேசுவேன், மனசுக்குள் எப்போதும் 'அவள்'தான். மனசுக்குள் இருப்பதைத்தானே எழுத வேண்டும், அப்படியே எழுதுகிறேன்.

மதினி பிறந்தது உப்பூர்ப் பக்கம், கடலோரம். அவர்களும் விவசாயக் குடும்பம்தான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்கள் தோட்டத்துக் கிணறு கொஞ்சம் கொஞ்சமாக உப்பேறிப் போனதாம். முதலில் பருப்பு வேகவில்லை, பிறகு மாடு குடிக்கவில்லை, கடைசியில் தென்னை மட்டை காய்ந்தது என்று வரிசையாகச் சொல்வாள். அதனால்தானோ என்னவோ, எந்த ராஜா எந்த நாட்டைப் பிடித்தாலும் அந்த நாட்டுக் கிணறு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

தப்பை விடமாட்டாள். அதுதான் அவள். கதையில் மட்டும் இல்லை, எதிலும். ஒரு தீபாவளிக்கு நான் என் சம்பளத்தில் சுடிதார் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டினேன். "எப்படி மதினி?" என்றேன். என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள். "நெறம் நல்லாருக்கு. தோள்ல தொங்குது. ஒனக்கு எடுத்தியா, அத்தைக்கு எடுத்தியா?" என்றாள். அன்றைக்கு முழுக்க நான் அவளோடு பேசவில்லை. சாயங்காலம் அவளாகவே ஊசி நூலோடு வந்து உட்கார்ந்து தோளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். தைத்த பிறகு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தீபாவளிக்கு என் வாயில் அது வரவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்த மருமகள் மாமனார் முன்னாலும் புருஷனுடைய அண்ணன் முன்னாலும் வாய்விட்டுப் பேசக் கூடாது. அய்யா இறந்த பிறகு மாமனார் இடத்துக்கும் சேர்த்துப் பெரியண்ணன்தான் இருந்தார். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் மதினியின் பேச்சு பாதியில் நின்றுவிடும். அவருக்குக் காபி வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வார், அம்மா சமையல்கட்டைப் பார்த்துச் சொல்வாள். மதினி அவருக்கு ஏதாவது தெரிவிக்க வேண்டுமென்றாலும் அதே வழிதான். ஒரே கூரைக்குக் கீழே வருஷக்கணக்காக இருந்தும் அவள் குரலை அவர் முழுசாகக் கேட்டதே கிடையாது. விடுதியில் இதைச் சொன்னால் என்னோடு தங்கியிருந்த பிள்ளைகள் நம்பமாட்டார்கள். "இந்தக் காலத்துலயா?" என்பார்கள். ஆமாம் தாயி, இந்தக் காலத்தில்தான். எங்கள் வீட்டில் வைஃபையும் இருந்தது, இதுவும் இருந்தது.

பெரியண்ணனைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அய்யா போனபோது கல்லூரியை விட்டுவிட்டு மண்வெட்டியைப் பிடித்தவர். எங்களைக் கரையேற்றிவிட்டுத்தான் மறுவேலை என்று கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. பகலெல்லாம் காட்டில் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் குளித்து டிவி முன்னால் உட்காருவார். மாயாஜாலத் தொடர், விண்கப்பல் படம், மந்திரவாதி, பறக்கும் பாம்பு, எதுவானாலும் சரி. தமிழில் பேசினால் போதும். அவருடைய ஒரே சந்தோஷம் அது.

அவர் நாற்காலியில், நான் தரையில், மதினி சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு மறைவில். இப்படித்தான் நாங்கள் பார்ப்போம். அவளுக்கு வாய் துறுதுறுக்கும். நான் நகர்ந்து நகர்ந்து நிலைப்படியோரம் போய்விடுவேன். அவள் குனிந்து என் காதில் சொல்வாள், நான் சத்தமாகச் சொல்வேன். ஒரு விண்வெளிப் படத்தில் ஆகாயத்தில் இரண்டு சூரியன். பெரியண்ணன் சொக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். என் காதில் மூச்சு பட்டது. நான் சொன்னேன், "அண்ணே, ரெண்டு சூரியன் இருக்குல்ல? ஆளுக்கு ஒரு நெழல்தானே விழுது?"

படத்தை நிறுத்தி, எழுந்து போய், டிவிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "அட ஆமாத்தா! ஒனக்கு எங்கருந்து இம்புட்டு அறிவு வந்துச்சு?" என்றார். நிலைக்குப் பின்னால் மதினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். நானும் வெட்கமில்லாமல் தலையை ஆட்டிக்கொண்டேன். வீட்டில் எனக்குப் புத்திசாலி என்று பெயர் வந்தது இப்படித்தான்.

இவ்வளவு பேசுகிறவள் என் ஒரு காதுக்கு மட்டும் பேசிக்கொண்டிருப்பது எனக்கே பொறுக்கவில்லை. ஒரு நாள் அவளுக்குத் தெரியாமல் பேச்சைப் போனில் பதிந்து, அவளுக்கே போட்டுக் காட்டினேன். "ஐய, நானா?" என்று காதைப் பொத்தினாள். பிறகு விரலை விலக்கிக் கேட்டாள். அடுத்த வாரம் நாங்கள் சேனல் ஆரம்பித்துவிட்டோம். முகம் கிடையாது, பெயர் கிடையாது, ஊர் கிடையாது. ஒரு குடத்தின் படமும் குரலும் மட்டும். புதிதாக வருகிற விஞ்ஞானக் கதை, மாயாஜாலக் கதை, தொடர், படம் எல்லாவற்றுக்கும் விமர்சனம். நட்சத்திரம் கொடுக்கமாட்டாள். "இது ரெண்டு குடம்", "இது ஒரு குடம், அதுவும் தளும்பல" என்பாள். நாலு குடம்தான் உச்சம். எங்கள் ஊரில் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போகிற வண்டியில் அவ்வளவுதான் நிற்கும்.

பதிவு செய்கிற இடம் மிளகாய் வத்தல் மூடை அடுக்குகிற அறை. மத்தியானம் பெரியண்ணன் காட்டில் இருப்பார், அம்மா கண்ணசந்திருப்பாள். சுற்றிலும் மூடை இருப்பதால் எதிரொலி இல்லாமல் குரல் அப்படியே விழும். நெடிதான் ஆளைக் கொல்லும். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பேசுகிறபோது மட்டும் இறக்குவாள். நடுவில் தும்முவாள். அதை நான் வெட்டமாட்டேன். கேட்கிறவர்கள் அந்தத் தும்மலுக்கென்றே காத்திருந்தார்கள்.

அவள் குற்றம் மட்டும் சொல்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். யாரோ பெயர் தெரியாத ஒருவர் எழுதிய சின்ன நாவல் ஒன்றை நான் ராமநாதபுரத்திலிருந்து வாங்கிக்கொண்டு போனேன். தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கிற ஒரு விண்கப்பல். அதில் எல்லாருடைய வியர்வையையும் கண்ணீரையும் பிடித்துக் குடிதண்ணீராக்கித் தருகிற ஒரு பெண். மதினி அதை அடுப்படியிலேயே நின்று படித்தாள். ரசம் பொங்கி வழிந்தது, பார்க்கவில்லை. விமர்சனத்தில், "இந்த மனுசன் தண்ணி தூக்கியிருக்காரு. தூக்காதவரு இத எழுத முடியாது" என்று சொல்லி நாலு குடம் கொடுத்தாள். சொல்லும்போது குரல் உடைந்தது. அந்த எழுத்தாளர் பதிவுக்குக் கீழே வந்து, தான் அழுததாக எழுதியிருந்தார். மதினி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

அதே மாதம் வந்த இன்னொரு நாவலில் கடல் பொங்கி ராமேஸ்வரம் மூழ்கிவிடும், மக்கள் மாடி மேல் மாடியாக ஏறிக்கொண்டே இருப்பார்கள். பத்திரிகைகளெல்லாம் தூக்கி வைத்து எழுதின. இவள், "எழுதினவருக்குக் கடல் தெரியுது, கரை தெரியல. கடல் ஏறுனா மொதல்ல கெணறு உப்பாகும். சனம் அன்னைக்கே மூட்டையக் கட்டிரும். மூணாவது மாடிக்குத் தண்ணி வார வரைக்கும் எவன் காத்துக் கெடப்பான்? ஒரு குடம்" என்று முடித்துவிட்டாள். திட்டினவர்களும் உண்டு, ஆமாம்ல என்று ஒத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனாலும் கேட்கிற கூட்டம் ஏறிக்கொண்டே போனது.

அப்போதுதான் அந்தத் தொடர் வந்தது. பெயர் எதற்கு? மழையே பெய்யாத சீமையை ஆண்ட ஒரு ராஜாவின் மாயாஜாலக் கதை. மணல்காடு, கோட்டை, பேசுகிற குதிரை, ஒரே வெட்டில் நூறு பேரைச் சாய்க்கிற வாள். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அது தொடராகத் தெரியவில்லை, தங்கள் முப்பாட்டன் கதையாகத் தெரிந்தது. டீக்கடையில் அதுதான் பேச்சு. மோட்டார் சைக்கிளில் அந்தக் குதிரையின் படம் ஒட்டினார்கள். பெரியண்ணன் முழுத் தொடரையும் பார்த்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். ரசிகர் குரூப் ஒன்றில் சேர்ந்து, எந்த நேரமும் போனும் கையுமாக இருந்தார். இந்த மனுஷன் வாழ்க்கையில் எதற்கும் இப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை. பார்க்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மதினி அதற்கு விமர்சனம் போட்டாள். நான் வேண்டாம் என்றேன், கேட்டால்தானே! "கோட்டைக்குள்ள ஆயிரக்கணக்குல பட நிக்கிது, குதிரை நிக்கிது. ஒரு கெணறு இல்ல, ஒரு ஊருணி இல்ல, தண்ணி தூக்குற ஒரு பொம்பளைய அத்தன பாகத்துலயும் காட்டல. வறண்ட சீமைக் கதையின்னு பேரு. வறட்சின்னா என்னன்னு எடுத்தவுகளுக்குத் தெரியல. வெறுங்குடம்" என்றாள். அதுவரை அவள் யாருக்கும் வெறுங்குடம் கொடுத்ததில்லை.

பதிவுக்குக் கீழே பற்றி எரிந்தது. அவள் அம்மாவை, குலத்தை, உடம்பை என்று வாயில் வைக்க முடியாத வார்த்தைகள். நான் விடுதிக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக அழித்தேன். அதோடு போயிருந்தாலும் போயிருக்கும். அந்தப் பதிவில் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது தெருவில் வத்தல் வியாபாரி வண்டி ஒன்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போயிருக்கிறது. எவனோ ஒரு புண்ணியவான் அதைக் கண்டுபிடித்து, இந்த வண்டி ஓடுவது கமுதிச் சுற்றுவட்டாரத்தில்தான் என்று போட்டுவிட்டான். ஆளைக் கண்டுபிடித்து வீட்டு வாசலில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்க வைத்து வீடியோ எடுக்க வேண்டும் என்று தொடரின் ரசிகர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அந்த வாரம் நான் ஊருக்குப் போனபோது பெரியண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதினி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உற்சாகமாக, "வாத்தா. சேதி கேட்டியா? அந்த வெறுங்குடத்துக்காரி நம்ம பக்கமாம். எங்க ஏரியான்னா நான் கண்டுபிடிச்சுத் தாரேன்னு குரூப்புல வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார்.

மதினியின் கரண்டி இலைக்கு மேலே ஒரு நொடி நின்றது. பிறகு சோறு விழுந்தது. "போதும்னு சொல்லும்மா" என்று அண்ணன் அம்மாவிடம் சொன்னார். நான் பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றேன்.

அவர் கை கழுவப் போனதும் மதினியை வத்தல் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "அழிச்சிருவோம் மதினி. சேனலையே தூக்கிருவோம். வாசல்ல வந்து நின்னாங்கன்னா நம்ம மானம் என்னாகும்?"

அவள் மூடையில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது. "பயமாத்தான் இருக்கு பிள்ள. ரெண்டு நாளா சோறு எறங்கல. ஆனா அழிச்சா, நான் சொன்னது தப்புன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிருமே. எதத் தப்பா சொன்னேன், நீ சொல்லு?"

"தப்பா சரியான்னு எவன் கேட்டான்? ஒங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றாள். இரண்டு பேரும் தும்மிக்கொண்டே அழுதோம். நெடியா, அழுகையா என்று பிரிக்க முடியவில்லை.

மறுநாள் காலை, சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் வத்தலைக் கொட்டி நானும் அம்மாவும் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். மதினி சமையல்கட்டு வாசலுக்கு உள்ளே உட்கார்ந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். பெரியண்ணன் கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்து, வெறுங்குடம் பதிவை ஓடவிட்டார். பின்னால் கேட்கிற சத்தத்தையெல்லாம் கவனித்து வீட்டைக் கண்டுபிடிக்கப் போகிறாராம்.

மதினியின் குரல் எங்கள் முற்றத்தில் கணீரென்று விழுந்தது. அந்த வீட்டில் அந்தக் குரல் அவ்வளவு சத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தினமும் அவளோடு பேசுகிறவள், சண்டை போடுகிறவள். காம்பு கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. மெதுவாகத் திரும்பிச் சமையல்கட்டு வாசலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும். அம்மா குனிந்து அடுத்த வத்தலை எடுத்தாள்.

"இது நம்ம பக்கத்துப் பேச்சு மாதிரி இல்லையேப்பா. தூத்துக்குடிப் பக்கம் இப்படித்தான் இழுப்பாக" என்றாள். என் அம்மா பொய் சொல்வாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"இல்லம்மா, நம்ம பக்கந்தான்" என்றவர் விடவில்லை. பழைய பதிவுகளையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டார். ஒன்றில் இரண்டு சூரியன் வந்தது. ஆளுக்கு ஒரு நிழல்தான் விழுகிறது என்று குரல் சொன்னது. பெரியண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டார்.

"ஏத்தா, இது நீ சொன்னதுல்ல?"

"எதுண்ணே?" என்றேன்.

"நடிக்காத. இந்த வார்த்த அப்படியே நீ எங்கிட்டச் சொன்னது. கொரலு ஒன்னோடது இல்ல. நீ சொல்லிக்குடுக்குற, வேற எவளோ பேசுறா. விடுதியில கூட இருக்கிறவளா? யாருன்னு சொல்லு."

"எனக்குத் தெரியாதுண்ணே."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!" அவர் என்னிடம் குரல் உயர்த்தியதே கிடையாது. எழுந்து நின்றார். "நான் வாக்குக் குடுத்துட்டு நிக்கிறேன், என் கூடப்பொறந்தவளே பின்னால இருந்து இந்த வேலை பாத்திருக்க! அதுவும் என்னா பேச்சு பேசிருக்கீக! கோட்டையில தண்ணியே இல்லையாம். நாலாவது பாகத்துல கோட்டைக்குப் பின்னாடி அம்மாம் பெரிய கொளத்தக் காட்டுறான். அதுலதான் குதிரை அத்தனையும் தண்ணி குடிக்குது. முழுசாப் பாக்காமலே பேசிருக்கா அவ!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஸ்பீக்கரில் மதினியின் குரல் ஓடிக்கொண்டே இருந்தது.

"அது கொளம் இல்ல."

முதலில் ஸ்பீக்கரில் இருந்துதான் வருகிறது என்று நினைத்தேன். பெரியண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், போனைப் பார்த்தார்.

"அது கடல் கழி" என்றாள் மதினி. சமையல்கட்டு வாசலைத் தாண்டி முற்றத்தில் நின்றிருந்தாள். மடியிலிருந்த வத்தல் காலடியில் சிதறிக் கிடந்தது. "கரை பூராம் நிக்கிறது அலையாத்தி மரம். எங்க ஊருக்கு அந்தப் பக்கம், காரங்காட்டுல போயி நின்னு பாத்தாத் தெரியும். உப்புத்தண்ணியிலதான் அது மொளைக்கும். அந்தத் தண்ணியக் குடிச்சா குதிரை செத்துப் போகும். நான் முழுசாத்தான் பாத்தேன். ரெண்டு தடவ பாத்தேன்."

ஒரே குரல் ஸ்பீக்கரில் ஒரு பக்கமும் ஆளாக ஒரு பக்கமும் நின்றது. பெரியண்ணன் போனை நிறுத்தினார். அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அவர் முகம் சுண்டிவிட்டது.

"உள்ள போகச் சொல்லு" என்றார் அம்மாவிடம்.

"எனக்கே கேக்குது" என்றாள் மதினி. அவள் புடவைக் கொசுவம் ஆடியதை நான் பார்த்தேன். ஆனாலும் போகவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் இணைந்திருந்ததால் அழைத்தவன் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. குரூப்பை நடத்துகிறவன். "அண்ணே, ஏதும் தெரிஞ்சுச்சா? பசங்க வண்டியோட ரெடியா இருக்காங்க. இன்னைக்கே முடிச்சிரலாம்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், மிளகாய்க் கை, எரிந்தது. பெரியண்ணன் வாக்குத் தவறாதவர். அவர் சொன்னால் அடமானமே வேண்டாம் என்று ஊரில் பணம் கொடுப்பார்கள். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் அவர் வாயையே பார்த்தேன்.

"தெரிஞ்சிருச்சு" என்றார்.

"சூப்பர்ணே! யாரு, எங்கன?"

"எங்க வீட்டுப் பிள்ள. என் தம்பி பொண்டாட்டி. ஏலே, வண்டி ரெடின்னு சொன்னேல்ல? கெளம்பி வாங்க. வாசல்ல நாந்தான் நிக்கிறேன். எவன் வாரான்னு பாப்போம்."

"அண்ணே, அப்படியில்லண்ணே, தெரியாமப் போச்சு..." என்று அவன் இழுத்தான். இவர் துண்டித்துவிட்டார். அன்றைக்கும் யாரும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. திட்டி எழுதியதையெல்லாம் அவர்களாகவே அழித்தார்கள். எனக்கு ஓடிப்போய் அவர் காலில் விழ வேண்டும்போல இருந்தது. அவ்வளவு பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை கொஞ்ச நேரம்தான். செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, முதல் தடவையாக நேராக அவளிடமே பேசினார். சத்தம் போடவில்லை. தணிவாகத்தான் சொன்னார். "வெளிய எவனும் ஒன்னைய ஒரு சொல்லு சொல்ல முடியாது. அதுக்கு நான் பொறுப்பு. நீ இதோட விட்ரு. நம்ம வீட்டுப் பொம்பளக் கொரலு ஊரான் போன்ல எல்லாம் கெடக்க வேணாம். ஒனக்கு என்ன தோணுதோ இங்கன சொல்லு. இனிமே எங்கிட்ட நேராவே பேசு, அந்தப் பழைய வழக்கமெல்லாம் வேணாம்."

"நான் சொன்னது தப்பா?" என்று மதினி கேட்டாள்.

"தப்பு சரிங்கிறது இல்ல தாயி. விட்ரு."

அவள் சின்னண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணன் இம்புட்டுத் தூரம் எறங்கி வந்திருக்காகள்ல? பேசாம விட்ரு" என்றான். நான் போனைப் பிடுங்கி அவனைத் திட்டிய திட்டு தெரு வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு பிரயோசனமும் இல்லை. அன்றைக்கு மத்தியானம் வத்தல் அறையில் உட்கார்ந்து மதினி தன் கையாலேயே ஒவ்வொரு பதிவாக அழித்தாள். அந்த விண்கப்பல் நாவல் பதிவை மட்டும் கடைசியில் வைத்திருந்தாள். கீழே அந்த எழுத்தாளர் எழுதியிருந்ததை ஒரு தடவை படித்துவிட்டு அதையும் அழித்தாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன்.

வீட்டில் வழக்கம் மாறித்தான் போனது. பெரியண்ணன் வாக்குத் தவறாதவர் ஆயிற்றே. காபியை அவளிடமே கேட்டார். டிவி பார்க்கும்போது சமையல்கட்டிலிருந்து அவளைக் கூப்பிட்டு, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டார். அக்கம்பக்கத்தில் அதைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். மதினிக்கு வந்த யோகத்தைப் பார் என்றார்கள். மதினி உட்கார்ந்தாள், பார்த்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். நான் புதுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போனால், "வேல கெடக்கு பிள்ள, பெறகு பாக்குறேன்" என்பாள். அந்தப் புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருக்கும். நான் பிறகு வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த வருஷம் அதே தொடரின் இரண்டாம் பருவம் வந்தது. பெரியண்ணன் காலையிலேயே காட்டு வேலையை முடித்துவிட்டு வந்துவிட்டார். மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதல் காட்சியிலேயே பாலைவனத்தின் நட்டநடுவில் ராஜாவின் கூடாரம். வெளியே படை தாகத்தில் மயங்கி விழுகிறது. உள்ளே ராஜா ரோஜாப்பூ மிதக்கிற தொட்டியில் கழுத்து வரை தண்ணீரில் குளித்துக்கொண்டே போருக்குத் திட்டம் போடுகிறார். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கடைசி வரைக்கும் ஒருத்தனும் சொல்லவில்லை. எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்றைக்கு இவள் விடமாட்டாள், கிழிக்கப் போகிறாள் என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தேன்.

பெரியண்ணன் தொடரை நிறுத்தினார். அவரும் திரும்பினார். உண்மையாகவே அவளிடமிருந்து கேட்க வேண்டும் என்ற ஆவல் அவர் முகத்தில் தெரிந்தது. "சொல்லு தாயி. எப்படி இருக்கு? எங்கிட்டப் பயப்படாம, உள்ளத உள்ளபடி சொல்லு" என்றார்.

மதினி டிவியைப் பார்த்தாள். தொட்டியில் ராஜா அப்படியே உறைந்து நின்றார்.

"நல்லாருக்குங்க" என்றாள்.

பெரியண்ணன் பூரித்துப்போனார். "கேட்டியாத்தா? ஒன் மதினியே சொல்லிட்டா!" என்று என்னிடம் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டிலேயே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள் என்று குரூப்புக்கு எழுத ஆரம்பித்தார். மதினி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் அவள் பின்னாலேயே போய், "ஏன் மதினி அப்படிச் சொன்னீக? ஏன் சொன்னீக?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, அண்ணனுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.